சீர்த்தட்டில் ஒரு பால் மெஷின்

அஸ்தம்பட்டி, சேலம்
14.9.2025

மரியாதைக்குரிய நாத்தனார் சௌந்திரம் நங்கை அவர்களுக்கு, வசந்தாமணி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் பிள்ளைகளும் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால், அண்ணனின் சர்க்கரை, கட்டுத்தறியில் மாடுகள் எல்லாம் எப்படி என்று எழுதவும்.

வெட்கக்கேடான ஒரு விஷயம் நங்கை. போன வியாழக்கிழமையிலிருந்து என் கழுத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்புத் தடம். பவுடர் போட்டேன், மறையவில்லை. மஞ்சள் பூசினேன், இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. எதிர் வீட்டுப் பாவாயி உறைமோர் வாங்க வந்தவள் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு பேப்பர் படித்துக்கொண்டிருந்த உங்கள் தம்பியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “அண்ணன் பென்சன் வாங்கியும் நல்லாத்தான் இருக்காருங்க போல” என்றாள். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல், “ஆமாங்க, டெய்லி வாக்கிங் போறனுங்க” என்றார்.

தடம் போட்டது உங்கள் தம்பி இல்லை. நம் மருமகள் கிருத்திகாவின் பால் எடுக்கும் மெஷின். லீவு முடிந்து அவள் ஆடிட்டர் ஆபீசுக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டாள். பகல் முழுக்கப் பேரன் சித்தார்த் என் பொறுப்பு. அவள் ஆபீசில் மெஷின் வைத்து எடுத்து, ஐஸ் பையில் கொண்டுவருகிற பாலை நான் மறுநாள் வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டுகிறேன். கையடக்க மோட்டார், ஒரு குழாய், புனல் மாதிரி ஒரு கிண்ணம், அவ்வளவுதான் மெஷின். அது எப்படி இழுக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கையில் வைத்தேன். காய்த்துப்போன கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுத்தோரம் மெத்தென்று இருக்குமே என்று அங்கே வைத்தேன். டுக் டுக் டுக் என்று வேகமாக, லேசாக, பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு காசு என்று நினைத்த நேரத்தில் மெஷின் தானாகவே மாறி, ‘உஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஓர் இழுப்பு இழுத்தது. நிறுத்தத் தெரியவில்லை. ஈரத்தலையோடு அவள் வந்து பார்க்கும்போது நான் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க அத்தை பண்றீங்க?”

“ஓடுதான்னு பாத்தேன் கண்ணு.”

சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள். “கொழந்தை வாய் வச்ச ஒடனே பால் வராதுங்க அத்தை. மொதல்ல வெரசா, சின்னச் சின்னதா சப்பும். அப்பத்தான் ஆளு வந்தாச்சுன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சு பாலை எறக்கும். எறங்குன பொறகு நிதானமா, ஆழமா இழுத்து முழுங்கும். மெஷினும் அதே மாதிரிதானுங்க. இழுக்கும், உடும், மறுக்கா இழுக்கும். உடாம இழுத்துட்டே இருந்தா உங்க கழுத்து மாதிரி ரத்தம் கட்டிக்கும்.”

போனில் சொல்லாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். மஞ்சள் மூட்டை ஏற்ற வந்தவர்கள்கூட நின்று, “அப்புறமுங்க?” என்று கேட்பார்கள்.

கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டு,
வசந்தாமணி

*

நாமகிரிப்பேட்டை
25.9.2025

வசந்தாமணிக்கு சௌந்திரம் எழுதியது. முழங்கால் அப்படியே இருக்கிறது. அண்ணன் லட்டு தின்பதை நிறுத்தவில்லை. உங்கள் சுகத்துக்கு எழுது.

உன் கடிதத்தைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் கறக்கிற மெஷின் நம் கட்டுத்தறியிலும் இருக்கிறது. அது மாட்டுக்கு. உன் மகன் தீனதயாளனின் கடை வருமானம் மூன்று பேர் சாப்பிடப் போதாதா? என் மகள் நித்யஸ்ரீக்கு இது ஏழாம் மாசம். “பேங்க் வேலையை விட்டுரு சாமி” என்றேன். “சரிம்மா” என்றாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

மாசியில் குலதெய்வக் கோயிலில் சித்தார்த்துக்குக் காது குத்து. சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தமும் வந்து உட்காரும். மூத்தவளாக முன்னால் நின்று சீர் வாங்கி வைக்கப் போவது நான். மருமகளுக்கு மெஷினில் பால் கறக்கிறீர்களாமே என்று நாலு பேர் கேட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதற்குள் இந்த மெஷின் கூத்தை முடித்துவிடு.

சௌந்திரம்

*

அஸ்தம்பட்டி
5.10.2025

நங்கைக்கு வணக்கம். கழுத்து ஆறிவிட்டது. பாவாயிக்குத்தான் வருத்தம்.

மாட்டைப் பேச்சுக்குள் இழுத்தது நீங்கள்தான், அதனால் நானும் அவிழ்க்கிறேன். உங்கள் செவலை மாடு கன்று முட்டாமல் ஒரு சொட்டு விட்டிருக்கிறதா? கன்று வந்து நாலு முட்டு முட்டி, சடசடவென்று சப்பிய பிறகுதானே மடி இறங்கும்? அந்த டுக் டுக்தான் கன்று. மெஷின் செய்தவன் கட்டுத்தறி பக்கம் போய் வந்திருக்கிறான். ஒரு வித்தியாசம் இருக்கிறது. மாடு ஆபீசுக்குப் போவதில்லை.

ஆபீசில் மூத்தவர் அறிவுச்செல்வி என்ற அம்மாள். பழைய ஃபைல் அடுக்கி வைக்கும் அறையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். கதவில், “உள்ளே தணிக்கை நடக்கிறது” என்று எழுதி ஒட்டியிருக்கிறாராம். கணக்குக் காட்ட வரும் கம்பெனி முதலாளிகள் எல்லாம் அந்தக் கதவைக் கண்டாலே செருப்புச் சத்தம் வராமல் நடக்கிறார்கள்.

முகத்தை வைக்க இடம் தேடவேண்டாம். கழுத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

உங்கள் வசந்தாமணி

*

அஸ்தம்பட்டி
2.11.2025

நங்கைக்கு வணக்கம். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்தது. இங்கே நல்ல மழை. மொட்டை மாடியில் போட்ட மிளகாய் நனைந்துவிட்டது. நாமகிரிப்பேட்டையிலும் மழையா? மஞ்சள் காட்டில் தண்ணீர் நிற்கிறதா? பாவாயி புதிதாக ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கிறாள். சத்தம் அதிகம். உங்கள் தம்பி வாக்கிங் போகவில்லை, மழைக்கு மூச்சிரைப்பு. சித்தார்த் குப்புற விழுந்து, தலையைத் தூக்கிப் பார்க்கிறான். மற்றபடி எல்லாரும் சுகம்.

மழை விட்டால் எழுதுகிறேன்.
வசந்தாமணி

*

நாமகிரிப்பேட்டை
10.11.2025

வசந்தாமணிக்கு, இங்கே எல்லாரும் சுகம்.

கடிதம் முழுக்க மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் நீ மழையைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. தீனதயாளனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கிருத்திகாவுக்குப் பால் பாதிக்கும் கீழே போய்விட்டதாமே. குழந்தை பாலாடையை நக்கிவிட்டு அழுகிறதாமே. அந்த மெஷின் உறிஞ்சியே வற்ற அடித்துவிட்டது. நான் அன்றைக்கே சொன்னேன்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்கட்டும். மாசிக்குள் விடவில்லை என்றால் நான் கோயிலுக்கு வருவேன், கும்பிடுவேன், முன்னால் நிற்கமாட்டேன். ஒறம்பரைக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

சௌந்திரம்

*

அஸ்தம்பட்டி
21.11.2025

நங்கைக்கு வணக்கம். உடம்புகள் சுகம். மனசு நேற்றுவரை சுகமில்லை, இன்று பரவாயில்லை.

மழைக் கடிதத்தைப் பிடித்துவிட்டீர்கள். உண்மைதான், பால் குறைந்துபோனது. இரண்டு பாட்டில் வந்த இடத்தில் அரைப் பாட்டில் வந்தது. கிருத்திகா காலிப் பாட்டிலைப் பைக்குள் ஒளித்து வைப்பாள். உங்கள் கடிதம் வந்த அன்று, “திங்கக்கெழமை ஆடிட்டர் சார்கிட்ட சொல்லி வேலைய விட்டு நின்னுக்கறேனுங்க அத்தை. நீங்க உங்க நங்கைக்கு எழுதிருங்க” என்றாள். ஆடிட்டர் படிப்பு முடித்துச் சொந்தமாக ஆபீஸ் போடுவேன் என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்ன பெண் நங்கை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எழுத வரவில்லை.

அன்று மாலை அவள் வீட்டில் மெஷின் போட்டபோது பக்கத்தில் இருந்தேன். டுக் டுக் வரவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே ‘உஸ்ஸ்ஸ்’. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கழுத்துக்குத் தெரிந்த மெஷின் அது இல்லை. தீனதயாளனைக் கூப்பிட்டேன்.

“ஏன்டா, இதுல ஆரு கை வச்சது?”

“நாந்தாம்மா. அந்த டுக் டுக் டயம் வேஸ்ட்டும்மா. ஆபீசுல அவளுக்குக் கெடைக்கறதே கொஞ்ச நேரம். அதான் அதைத் தாண்டி நேரா ஃபுல்லுல போட்டுக்கன்னு சொன்னேன். தண்ணி கம்மியாச்சுன்னா நாம மோட்டார்ல எச்.பி. ஏத்தறதில்லையா?”

போர்வெல் மோட்டார் விற்கிறவனைப் பிள்ளையாகப் பெற்றேனே, என் தப்பு.

“அவ என்ன ஆயிரம் அடி போர்வெல்லாடா?” என்றேன்.

கிருத்திகா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “வலிச்சுதுங்க அத்தை. வலிச்சா நல்லா இழுக்குதுன்னு அர்த்தம்னு இவரு சொன்னாரு. எனக்கும் மூளை ஓடல. பால் வரலைன்னதும் எம்மேலதான் கொறைன்னு நெனச்சுட்டேன்.”

நான் மெஷினை வாங்கினேன். “இந்தா, கழுத்தை நீட்டுறா” என்றேன். நீட்டினான். அவன் வைத்த அதே ஃபுல்லில் வைத்தேன். “ஐயோ, எடும்மா!” என்று அவன் போட்ட சத்தத்தில் பாவாயி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள். மறுநாள் கடைக்குக் காலர் பட்டனைப் பூட்டிக்கொண்டு போனான்.

பிள்ளை டாக்டரிடம் இருக்கும் நர்ஸம்மாவிடம் காட்டினோம். வலித்தால் உடம்பு பயந்துகொண்டு பாலை இறக்காதாம். பலமாக இழுத்தால் நிறைய வரும் என்பது தப்பாம். அவரவருக்கு நோகாத அளவில் வைத்து, முதலில் லேசாக, இறங்கிய பிறகு நிதானமாக. அந்தப் புனல் கிண்ணமும் அவளுக்குச் சின்ன அளவாம், வேறு வாங்கினோம். குழந்தையையும் அடிக்கடி மார்பில் போடச் சொன்னார். நேற்று ஒரு பாட்டில் நிறைந்தது. கிருத்திகா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆகவே நங்கை, அவள் வேலையை விடமாட்டாள். விடச் சொல்லி என் வாயிலிருந்து வராது. நீங்கள் முன்னால் நின்றாலும் சரி, பின்னால் நின்றாலும் சரி, காது குத்து நடக்கும்.

மரியாதையில் குறையில்லாமல்,
வசந்தாமணி

*

அஸ்தம்பட்டி
28.12.2025

நங்கைக்கு வணக்கம். பேத்தி பிறந்த வீட்டில் கடிதம் எழுத நேரம் இருக்காதுதான். நாங்கள் பார்க்க வந்த அன்றும் நீங்கள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. காப்பி மட்டும் வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தீர்கள். நான் கேட்கவில்லை.

நித்யஸ்ரீ சோர்வாகத் தெரிந்தாள். பத்தியம் பார்க்கிறேன் என்று பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

இங்கே பால் பழையபடி வருகிறது. மூன்று கடிதத்துக்குப் பேசுகிற ஆள் நான். பதில் இல்லாமல் எழுதுவது எனக்கே என் பேச்சைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. உங்கள் தம்பியை நினைத்து முதல் தடவையாகப் பரிதாபப்பட்டேன்.

தபால்காரரைப் பார்த்தபடி,
வசந்தாமணி

*

நாமகிரிப்பேட்டை
11.1.2026

வசந்தாமணிக்கு, எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. குழந்தை, நித்யஸ்ரீ, அண்ணன் எல்லாரும் சுகம்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்றிருக்கிறாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல் மாதிரி இருக்கிறது, குழந்தைக்கு வாய் வைக்க முடியவில்லை. அவளுக்காகத்தான் கேட்கிறேன். அந்த டுக் டுக் எவ்வளவு நேரம் போகவேண்டும்? தானாக மாறாவிட்டால் எந்தப் பட்டன்? கிண்ணத்தின் அளவை எப்படிப் பார்ப்பது? எடுத்த பால் ஃபிரிட்ஜில் எத்தனை நாள் கெடாது? உன் மெஷினைக் கொடுத்து வாங்கலாமா?

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அதனால் சீக்கிரம் எழுது.

கோயில் விஷயத்தில் என் பேச்சு மாறவில்லை.

சௌந்திரம்

*

அஸ்தம்பட்டி
18.1.2026

நங்கைக்கு வணக்கம். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணையும், பிடிக்காத அந்த அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

கிருத்திகா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். டுக் டுக் ஒன்றிரண்டு நிமிஷம். பால் சொட்ட ஆரம்பித்ததும் மாறலாம், தானாக மாறாவிட்டால் அலை மாதிரிப் படம் போட்ட பட்டன். நோகிற அளவுக்கு ஏற்றவே கூடாது. கட்டியிருக்கும்போது குழந்தை வாய் வைக்க இளகுகிற அளவுக்கு எடுத்தால் போதும், ஒட்ட எடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடவேண்டும். கிண்ணத்துக்குள் காம்பு உரசாமல் போய் வரவேண்டும். ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒருத்தர் மெஷினை இன்னொருத்தர் போடக் கூடாதாம், புதிது வாங்கச் சொல்லுங்கள்.

இனி கோயில். கிருத்திகாவின் தம்பி சந்தோஷ்குமார் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவில் இருக்கிறான். தாய்மாமன் சீருக்கு என்னென்ன தட்டு என்று கேட்கப் போன் போட்டேன். “தேங்கா பழம் ஆரு வேண்ணாலும் வைப்பாங்க அத்தை. எங்கக்கா அந்த மெஷின வச்சுத்தான மாப்பிள்ளைக்குப் பாலு குடுக்குது? அதையும் ஒரு தட்டுல தூக்கிருவோம். எவன் கேக்கறான்னு பாத்தர்றேன்” என்றான். எனக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆக, மேளத்தோடு வரும். நடுத்தட்டு. தூக்கி வருவது நான்.

வசந்தாமணி

*

நாமகிரிப்பேட்டை
2.2.2026

வசந்தாமணிக்கு, இங்கே சுகம்.

அந்தத் தட்டு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

சௌந்திரம்

*

நாமகிரிப்பேட்டை
1.3.2026

வசந்தாமணிக்கு, ஊர் போய்ச் சேர்ந்து களைப்பு ஆறியிருக்கும். சித்தார்த்தின் காது சீழ் வைக்காமல் இருக்கிறதா? தேங்காய் எண்ணெய் தொட்டு வை.

அன்றைக்கு நான் எழுந்தது போவதற்காகத்தான். மேளம் வந்தது, தேங்காய்த் தட்டு வந்தது, பட்டுத் துணித் தட்டு வந்தது, அப்புறம் நீ அந்த வெள்ளைப் பெட்டியையும் குழாயையும் மல்லிகைச் சரம் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் செருப்பைத் தேடினேன். அதற்குள் முத்தாயம்மாள் பெரியம்மா, “ஏஞ் சாமி, அதென்ன தட்டுல வெள்ளையா?” என்று கேட்டுவிட்டார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒறம்பரை மொத்தமும் தட்டைப் பார்த்தது.

நான் உன்னைப் பார்த்தேன். ஊர் வாயெல்லாம் அடைக்கிற வாய், அன்றைக்கு மட்டும் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, வேர்த்து வழிய நின்றாய். கிருத்திகா தலையைக் குனிந்தாள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. நானே சொன்னேன்.

“தாய்ப்பால் எடுக்கற மெஷினுங்க பெரிம்மா. எங்க மருமவ ஆபீசுக்குப் போறா. பொறந்த கொழந்தை சப்பற மாதிரியே மொதல்ல லேசா, வெரசா இழுக்கும். பால் எறங்குன பொறகு நிதானமா இழுக்கும். நோகாதுங்க” என்றேன். குழாயைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். பட்டன் எது என்றும் காட்டினேன்.

பின்னாலிருந்து யாரோ ஒருத்தர், “இதெல்லாமா கோயலுக்குக் கொண்டாருவாங்க?” என்றார். “ஏன், நீங்க எதைக் குடிச்சு வளந்தீங்க?” என்று கேட்டேன்.

பெரியம்மா பெட்டியைத் தடவிப் பார்த்தார். “களை எடுக்கப் போன காட்டுல ரவுக்கை நனைஞ்சு, கை ரெண்டையும் கட்டிக்கிட்டு நின்னிருக்கறன் சாமி. கொழந்தை ஊட்டுல கத்தும். இது அப்பவே வந்திருக்கலாம்” என்றார். நான் மஞ்சள் குங்குமம் வைத்து, மெஷினை வாங்கி அம்மன் முன்னால் வைத்தேன். என் தம்பி சின்னண்ணன் கண் கலங்க மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இவ்வளவு இளகின மனசு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

பக்கத்துத் தோட்டத்தில் பெண் யாரும் இல்லை. நித்யஸ்ரீ வேலையை விடவே இல்லை, லீவு போட்டிருக்கிறாள். என்னிடம் “சரிம்மா” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வைகாசியில் பேங்குக்குத் திரும்பப் போகிறாள். போகட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன். புது மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. இதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தால் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்.

கிருத்திகாவை நான் கேட்டதாகச் சொல்.

சௌந்திரம்

*

அஸ்தம்பட்டி
8.3.2026

அன்பு நங்கைக்கு வணக்கம். சித்தார்த்தின் காது ஆறிவிட்டது. கிருத்திகா உங்கள் கடிதத்தை வாங்கிப் போய் அறைக்குள் உட்கார்ந்து படித்தாள். வரும்போது மூக்கு சிவந்திருந்தது. உங்களைப் பார்க்க அடுத்த ஞாயிறு வருவதாக எழுதச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. சத்தியம்.

அன்றைக்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன், ஸ்பீக்கரில் போட முடியாது அல்லவா. முந்தின நாள், சனிக்கிழமை, கிருத்திகா மெஷினை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். காது குத்துக்குக் குழந்தை மடியிலேயே இருக்கும், மெஷின் எதற்கு என்று நினைத்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. விடியற்காலையில் அலமாரியில் வெள்ளைத் துண்டு சுற்றியிருந்ததை எடுத்துப் பையில் போட்டேன். கோயிலில் பூச்சுற்றும்போதும் கவனிக்கவில்லை. மேளம் நின்ற பிறகுதான் பார்த்தேன்.

நீங்கள் குங்குமம் வைத்தது உங்கள் தம்பி மூச்சிரைப்புக்கு மருந்து பிடிக்கிற மெஷின் நங்கை. அது இழுக்காது. ஊதும்.

வசந்தாமணி